தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தஞ்சம் கேட்டவரை நாடுகடத்தப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் எப்படித் தடுப்பது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்க்கும் இலங்கைத் தமிழர் ஒருவரை வெள்ளிக்கிழமை போலீஸ் பிடித்துப் போய்விட்டது. அவருடைய தஞ்சப் பேப்பர், அதாவது தஞ்சம் கேட்டவர் முடிவு வரும் வரை தங்குவதற்கான அனுமதி, காலாவதியாகி ஆறு மாதமாகிறது. ஆயிரம் கையெழுத்து வாங்கி அமைச்சருக்கு அனுப்பினால் நிறுத்துவார்களா?

பதில்:

நிறுத்த மாட்டார்கள். விமானத்தை நிறுத்துவது கோர்ட் ஆர்டர் மட்டும்தான். அந்த ஆர்டரை வாங்க வக்கீலுக்கு வேண்டிய காகிதங்களை ஓடித் தேடிக் கொடுப்பதுதான் ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய பெரிய வேலை. அதற்கு ஆயிரம் பேர் வேண்டாம். கார் உள்ள இரண்டு பேர், யாழ்ப்பாணத்துப் பேச்சு புரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், தன் வீட்டு முகவரியைத் தரத் தயங்காத ஒரு குடும்பம், இவ்வளவு போதும்.

முதல் வேலை, ஆள் எங்கே என்று கண்டுபிடிப்பது. பிடித்த ஸ்டேஷனிலேயே வைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஒரு லாக்கப்பிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு மேற்கே க்ரூகர்ஸ்டார்ப்பில் உள்ள லிண்டேலா தடுப்பு மையத்துக்கு மாற்றுவார்கள். டர்பனிலிருந்து அது சுமார் 600 கிலோமீட்டர். அங்கே போய்விட்டால் வழக்கும் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க் ஹைகோர்ட்டுக்குப் போகும், வக்கீலும் மாறுவார். ஆகவே திங்கட்கிழமைக்குள் வக்கீல் கையில் கேஸ் இருக்க வேண்டும்.

விசாரிக்கும்போது பெயரை மட்டும் சொன்னால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்பார்கள். நம் பெயர்களில் எது அப்பா பெயர், எது சொந்தப் பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு பதிவேட்டில் முன்பின்னாகவும் இன்னொன்றில் எழுத்து மாறியும் இருக்கும். தஞ்சப் பேப்பரில் உள்ள கோப்பு எண், பிறந்த தேதி, பிடித்த நாள், இடம் நான்கையும் சொல்லிக் கேளுங்கள். பேப்பரின் போட்டோ அவருடைய அறைக்காரர் போனில் பெரும்பாலும் இருக்கும்.

பார்க்க விடவில்லையா? அரசியல் சட்டம் 35(2)(ஊ) பிரிவை, அதாவது ஆங்கில எழுத்து ‘எஃப்’ உள்ள உட்பிரிவைக் காட்டுங்கள். தடுத்து வைக்கப்பட்டவரைத் துணைவரும் நெருங்கிய உறவினரும் மட்டுமல்ல, அவர் தேர்ந்தெடுக்கும் மத ஆலோசகரும் மருத்துவரும் பார்க்கலாம். சொந்தக்காரர் யாரும் இல்லாதவருக்கு உங்கள் கோயில் குருக்கள்தான் அந்த ஆள். கோயில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் அவருடைய அடையாள அட்டையும் இருந்தால் பல இடங்களில் கதவு திறக்கும்.

அடுத்தது 48 மணி நேரக் கணக்கு. நாடுகடத்துவதற்காகப் பிடித்தவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்கு நேரில் கொண்டுவர வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2017 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் காகிதத்தை மட்டும் அனுப்பி நீட்டிப்பு வாங்கிவந்தார்கள். வெள்ளிக்கிழமை பிடித்தால் கெடு ஞாயிறோடு முடியும். ஆகவே திங்கட்கிழமை, அதாவது அடுத்த கோர்ட் நாளில், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். குடியேற்றச் சட்டம் 34ஆம் பிரிவின்படி முதலில் 30 நாள், கோர்ட் நீட்டித்தால் மேலும் 90 நாள். மொத்தம் 120 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிடித்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு எண்ணுங்கள். நீட்டிப்பு வாங்க மறந்து 31ஆம் நாளுக்குப் போகும் கேஸ்கள் உண்டு. அந்த ஒன்றே விடுதலைக்குக் காரணமாகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாடுகடத்தும் காகிதத்தோடு, சட்டவிரோதமாக நாட்டில் இருந்ததாகக் குடியேற்றச் சட்டம் 49(1) பிரிவில் குற்ற வழக்கும் போடுவார்கள். ‘ஒத்துக்கோ, சின்ன ஃபைன், போயிடலாம்’ என்று காரிடாரில் யாராவது அன்பாகச் சொல்வார். ஒத்துக்கொண்டால் ஃபைன் கட்டிய கையோடு ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) வண்டியில் ஏற்றுவார்கள். அகதிச் சட்டம் 21(4) பிரிவின்படி, தஞ்ச விண்ணப்பம் முடிவாகும் வரை சட்டவிரோத நுழைவுக்காக அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. வக்கீலைப் பார்க்கும் வரை எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம், புரியாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று குருக்கள் போய்ச் சொல்லட்டும். ‘சொந்த விருப்பத்தில் திரும்புகிறேன்’ என்ற வரி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் என்று தெரியாது.

பேப்பர் காலாவதியானதற்காக மனதை விடாதீர்கள். காலாவதியாகி ஒரு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதலாம் என்ற சட்டப் பகுதியை 2023 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. கவுன்டரில் உள்ளவர்கள் இன்னமும் பழைய பாட்டைப் பாடலாம். தீர்ப்பின் முதல் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துப் போங்கள். விண்ணப்பமே போடாதவரானாலும் வழி அடைபடவில்லை. ரூட்டா வழக்கு (2018), அபோரே வழக்கு (2021) இரண்டும் தாமதத்தைக் காரணம் காட்டித் தஞ்சக் கதவை மூடக் கூடாது என்கின்றன. ஆனால் 2023இல் வந்த அஷெபோ தீர்ப்பைக் கவனியுங்கள். தஞ்சம் கேட்கிறேன் என்று சொன்னபின் சட்டப்படி நாடுகடத்தக் கூடாது. லாக்கப் கதவு தானாகத் திறக்காது.

இனி கேஸ் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்து படிக்குப் படி வேறு. முதல்நிலை அதிகாரி ‘ஆதாரமற்றது’ என்று நிராகரித்தால் 10 வேலை நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். ‘வெளிப்படையாகவே ஆதாரமற்றது, மோசடியானது’ என்று நிராகரித்தால் கோப்பு தானாகவே அகதி விவகார நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் போகும். இரண்டு கடிதமும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். கடிதத்தில் காட்டியிருக்கும் அகதிச் சட்டப் பிரிவு 24(3)க்குப் பக்கத்தில் ‘பி’ என்றால் நிலைக்குழு, ‘சி’ என்றால் மேல்முறையீடு. அந்த ஒரே எழுத்தைக் கவனிக்காமல் பத்து நாளைக் கோட்டை விட்டவர்கள் அதிகம். விட்டிருந்தால் தாமதத்துக்கு விளக்கம் எழுதி மன்னிப்புக் கோரலாம். எல்லாம் முடிந்து இறுதி நிராகரிப்பும் வந்துவிட்டால் மிச்சம் ஹைகோர்ட் சீராய்வு. அதற்குக் கடைசிக் கெடு 180 நாள். சீராய்வு போட்டதாலேயே விமானம் நிற்காது. ஒரே மனுவில் ‘ஏ’ பகுதியாக அவசரத் தடையும் ‘பி’ பகுதியாகச் சீராய்வும் கேட்பார்கள்.

ஆதாரத்துக்கு வருவோம். ‘போர் 2009இல் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்’ என்பது அதிகாரியின் முதல் கேள்வி. ‘இலங்கையில் தமிழனுக்குப் பாதுகாப்பில்லை’ என்ற பொதுப்பதில் அங்கே எடுபடாது. இந்த ஆளுக்கு என்ன என்பதைக் காட்ட வேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே வைத்திருந்தால் அந்தக் காகிதம், தடுப்பில் செஞ்சிலுவைச் சங்கம் பதிந்து கொடுத்த அட்டை, முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்த சான்று, மனித உரிமை ஆணைக்குழுவில் வீட்டார் கொடுத்த முறைப்பாட்டு எண், கிராம சேவையாளர் கடிதம். உடம்பில் தழும்பு இருந்தால் சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கான சர்வதேச வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதத் தெரிந்த மருத்துவர் வேண்டும். ‘பழைய காயம் உள்ளது’ என்ற ஒரு வரிச் சீட்டு ஒன்றுக்கும் ஆகாது. அவர் சொல்லும் சித்திரவதையோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் நல்ல கேஸ்கள் சாகின்றன. ‘இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்’ என்று அவர் சொல்வார். ஈழத்துப் பேச்சு பழகாத மொழிபெயர்ப்பாளர் ‘இயக்கத்தில் இருந்தோம்’ என்று போட்டுவிடுவார். ஊரே வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சோறு போட்டதும் ஆயுதம் தூக்கியதும் ஒன்றல்ல. ஆனால் கோப்பில் ஏறிவிட்டால், போர்க்குற்றம் போன்றவற்றில் ஈடுபட்டவருக்கு அகதி நிலை இல்லை என்னும் அகதிச் சட்டம் 4ஆம் பிரிவை எடுத்து நீட்டுவார்கள். பழைய நேர்காணல் பதிவின் நகலை வாங்கி, அவரிடம் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டி, தவறானதைத் தனி அஃபிடவிட்டில் திருத்துங்கள். மொழிபெயர்த்தவரும் தன் பங்குக்கு ஒரு அஃபிடவிட் தர வேண்டும்.

ஊர்க்காரர்கள் தரும் அஃபிடவிட் ஒரே பக்கம் இருக்கட்டும். எத்தனை வருடமாகத் தெரியும், விடுவித்தால் எந்த முகவரியில் தங்குவார், கோர்ட் தேதிக்கு யார் அழைத்து வருவார். ‘நல்லவர், பக்திமான், காவடியெடுப்பவர்’ என்ற புகழ்ச்சி மாஜிஸ்திரேட்டுக்குத் தேவையில்லை. அவர் பார்ப்பது ஆள் ஓடிவிடுவாரா என்பதை. அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். சத்தியமெடுக்கும் முத்திரையை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகப் போடுவார்கள். அவரிடமே கையெழுத்து வாங்க முடியாத இக்கட்டில், அரசியல் சட்டம் 38ஆம் பிரிவின்படி அவர் சார்பில் வேறொருவர் மனுதாரராகலாம்.

வக்கீலுக்கு, லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அமைப்பின் டர்பன் அலுவலகத்தையும் லீகல் எய்டையும் ஒரே நாளில் அணுகுங்கள். அகதி அலுவலக வாசலில் நிற்கும் ‘ஏஜென்ட்’களிடம் ஒரு ராண்ட்கூடத் தராதீர்கள். அவர்கள் வாங்கித் தரும் போலிப் பேப்பர், உண்மையான கேஸையும் மோசடி என்ற பட்டியலில் தள்ளிவிடும். வசூலான பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்குக்கு நேராகப் போகட்டும்.

நல்லெண்ணத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு, இலங்கைத் தூதரகத்துக்குப் போன் போடுவது. பாஸ்போர்ட் இல்லாதவரை அனுப்ப அந்த நாடு பயணப் பத்திரம் தர வேண்டும். அதற்குத் தேவையான பெயர், ஊர், குடும்ப விவரத்தை நீங்களே கொடுத்தவர்களாவீர்கள். ஊரில் உள்ள வீட்டாருக்கும் ஆபத்து. அதே காரணத்தால் முகமும் பெயரும் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. தஞ்ச விண்ணப்பம் ரகசியமானது என்று சட்டமே சொல்கிறது.

ஆர்ப்பாட்டம் செய்தே ஆக வேண்டுமென்றால் 15 பேருக்குள் நில்லுங்கள். கூட்டச் சட்டப்படி அறிவிப்பு தேவைப்படாது. அதைத் தாண்டினால் 7 நாள் முன்னதாக மாநகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பேப்பர் சரியில்லாத யாரையும் கூட்டி வராதீர்கள். என்னைக் கேட்டால் கோர்ட் வாசலைவிடக் கோர்ட்டுக்குள் பின்வரிசையில் பத்துப் பேர் அமைதியாக உட்கார்ந்திருப்பது பத்து மடங்கு பலன் தரும். கையெழுத்து மனு வீண் என்று சொல்லவில்லை. எல்லாப் படியும் முடிந்தபின், சிறப்புச் சூழ்நிலையில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை தர அமைச்சருக்கு அதிகாரம் தரும் குடியேற்றச் சட்டம் 31(2) பிரிவின் கீழ் மனு போடும்போது அதை இணையுங்கள். அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

தடை ஆர்டர் வந்துவிட்டால் வக்கீல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார் என்று வீட்டுக்குப் போகாதீர்கள். முத்திரையிட்ட நகலை ஹோம் அஃபேர்ஸ் கண்காணிப்புப் பிரிவு, லிண்டேலா, ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையக் குடியேற்ற அதிகாரி மூவருக்கும் ஈமெயிலில் அனுப்பிவிட்டு, ஓர் ஆள் நேரிலும் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியவர் பெயர், நேரம், கையெழுத்தை இன்னொரு நகலில் எழுதி வாங்க வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலை நாளிலேயே தஞ்சப் பேப்பரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். புதுப் பேப்பர் வரும் வரை ஆர்டரின் நகல் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். இரண்டாவது தடவை மறிக்கும் போலீஸ்காரருக்கு முதல் கதை தெரியாது.