சீன ஜோதிடத்தின் ஐந்து மூலகங்களும் நம் பஞ்சபூதமும் ஒன்றா? என் மூலகம் எது?

ஒன்றல்ல. சீனர்களின் ஐந்தில் காற்றும் ஆகாயமும் கிடையாது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பதே வரிசை. மரம் எரிந்தால் நெருப்பு, நெருப்பு அடங்கினால் சாம்பல் மண், மண்ணுக்குள் உலோகம் என்று ஒன்று இன்னொன்றைப் பிறப்பிக்கும். நீர் நெருப்பை அணைப்பதுபோல் அடக்குவதும் உண்டு.

பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 0, 1 உலோகம், 2, 3 நீர், 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண். சீனப் புத்தாண்டு ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரை ஏதோ ஒரு நாளில் வரும், அந்த ஆண்டில் அதற்குமுன் பிறந்தவர்களுக்கு முந்தைய ஆண்டுதான் கணக்கு.

மூலகமும் 12 விலங்குகளும் சேர்ந்து, நம் பிரபவ வருடக் கணக்குபோலவே, 60 ஆண்டுச் சுற்று. 1966 நெருப்புக் குதிரை. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற பயத்தில் ஜப்பானில் பிறப்புகள் சுமார் 18 லட்சத்திலிருந்து 13.6 லட்சமாகச் சரிந்தன. ஒரு பெண்குழந்தையின் தலையில் இதைக் கட்டுவது பெரிய அநியாயம். அடுத்த நெருப்புக் குதிரை 2026.