தார் ரோடு சப்ஜெக்ட்டா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார். மதுரை பக்கம் ஒரு காலேஜ்ல சிவில் மூணாம் வருசம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங் ஆரம்பிச்சிருக்கு. பசங்க எல்லாம் "தார் ரோடு சப்ஜெக்ட்தான, கடைசி நாள் மனப்பாடம் பண்ணிக்கலாம்"ங்கிறாங்க. கட்டடம் டிசைன் பண்ற ஸ்ட்ரக்சரல் எடுத்தாதான் மதிப்புன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. புக்கைத் தொறந்தா ஒரே டேபிள், 0.5, 2.5, 0.35ன்னு நம்பரு. எங்கருந்து வந்துச்சுன்னே புரியல. எதுலருந்து ஆரம்பிக்கிறது சார்?
– ஒரு மாணவர், திருமங்கலம்

தம்பி,

மத்ததெல்லாம் இருக்கட்டும், அந்த நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் சரியான கேள்வி. பீம்ல லோடு வச்சா வச்ச எடத்துல கெடக்கும், ரோட்டுல லோடே யோசிக்கும், அவசரப்படும், ராங் சைடுல வரும். அந்த மனுசனத்தான் சராசரி பண்ணி நம்பரா டேபிள்ல போட்டு வச்சிருக்காங்க.

மொதல்ல 2.5. டிரைவர் ஒரு மாட்டைப் பாத்து பிரேக்ல கால் வைக்கிற வரைக்கும் 2.5 செகண்ட்னு ஐஆர்சி (நம்ம நாட்டு ரோடுக்கு விதி எழுதுற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) எடுத்துக்குது. அதுக்குள்ள நாலு வேலை நடக்குதுன்னு உங்க புக்லயே இருக்கும்: பாக்குறது, புரியறது, பதறுறது, முடிவெடுக்குறது. ஒரு ரோடு டிசைன் ஃபார்முலாவுக்குள்ள பதட்டத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்காங்க, வேற எந்த சிவில் பேப்பர்ல இது வரும்? ரிங் ரோட்டுல 60ல வர்றவன் அந்த 2.5 செகண்ட்ல பிரேக்கே போடாம கிட்டத்தட்ட 42 மீட்டர் வந்துர்றான். அதுக்கப்புறந்தான் உரசல், அங்கதான் உங்க 0.35 வருது. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம் அது, வேகம் கூடக் கூட 0.40லருந்து 0.35க்கு எறங்கும். எல்லாம் சேத்து வண்டி நிக்க சுமாரா 80 மீட்டர் வேணும். அதனால வளைவுல 80 மீட்டருக்கு முன்னாடி தெரியாத மாதிரி ஒரு சுவரோ போர்டோ இருந்தா டிசைன் தப்பு, டிரைவரைத் திட்டிப் புண்ணியமில்ல.

0.5 கதை இன்னும் சுவாரசியம். பஸ்ஸும் பைக்கும் ஆட்டோவும் கலந்து போற ரோட்டுல எத்தனை வண்டின்னு எண்ணி என்ன பண்றது? அதனால எல்லாத்தையும் காரா மாத்துறோம், அதான் பிசியு, பாசஞ்சர் கார் யூனிட். ஊருக்குள்ள ரோட்டுக்கு 1990ல ஐஆர்சி போட்ட கணக்குல பைக் கொஞ்சமா இருந்தா 0.5, மொத்த வண்டில 10 சதவீதத்தைத் தாண்டுனா 0.75. நம்ம ஊர்ல அந்த 10 சதவீதம் காலைல டீக்கடை தொறக்கும்போதே தாண்டிரும், அது வேற விசயம். வெளியூர் ரோட்டுக்கான கணக்குல பெரிய மாட்டு வண்டிக்கு 8. மாடு பாட்டுக்கு மெதுவாப் போகுது, பின்னாடி வர்றவனுக்குத்தான் எட்டு காரு முன்னாடி போற மாதிரி.

சிக்னலுக்கு வாங்க. அமெரிக்க புக்ல பச்சை விழுந்தா ஒரு லேனுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வண்டின்னு கணக்கு. நம்ம பழைய ஐஆர்சி கணக்குல லேனே கெடையாது, ரோட்டு அகலத்தை மீட்டர்ல அளந்து 525 ஆல பெருக்குன்னுதான் இருக்கும். 7 மீட்டர் ரோடுன்னா மணிக்கு 3675 பிசியு. இங்கிலாந்துல பொறந்த ஃபார்முலாதான், ஆனா இங்க யாரும் லேன்ல நிக்கிறதில்ல, சிம்மக்கல்லுல சிவப்பு விழுந்ததும் பைக் எல்லாம் பஸ் இடுக்குக்குள்ள பூந்து கோட்டுக்கு முன்னாடி வந்து நிக்கும் பாருங்க, அந்தப் பழக்கத்துக்கு லேன் கணக்கை விட இதுதான் பொருந்துது. 2017ல சிஆர்ஆர்ஐ (மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம்) இந்தோ-எச்சிஎம்னு நம்ம ரோட்டுல அளந்தே தனியா ஒரு மேனுவல் கொண்டு வந்துச்சு, அதையும் லைப்ரரில பொரட்டுங்க.

பிளானிங் படிக்க மதுரையை விட நல்ல எடம் இல்ல. மாசி வீதி தேர் ஓடுற வீதி. எந்த வண்டி திரும்பணுமோ அதை வச்சு மொனையையும் அகலத்தையும் முடிவு பண்றதுக்குப் பேரு இன்னிக்கு டிசைன் வெஹிக்கிள். இங்க வடம் புடிச்சு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புற தேருக்கே எடம் வேணும். இன்னொரு பக்கம் வைகை ஆறு. ரயில்வே ஜங்சனும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் தெக்கால, பெரியாஸ்பத்திரியும் கலெக்டர் ஆபீசும் வடக்கால. 1999ல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், 2004ல மேலூர் ரோட்டுல ஐகோர்ட் கிளைன்னு போற எடமெல்லாம் வடக்க கூடிக்கிட்டே போக, ஆத்தைத் தாண்டுற பாலம் விரல் விட்டு எண்ணுற அளவுதான். பாலத்துக்கு வடகரைல இருக்குற கோரிப்பாளையம் ஜங்சன் ஏன் திணறுதுன்னு இப்பப் புரியுதா? எத்தனை பேர் கெளம்புறா, எங்கருந்து எங்க போறா, எதுல போறா, எந்த ரோட்டுல போறாங்கிற அந்த நாலு ஸ்டெப் மாடல் இதுதான்.

"தார் ரோடு"ன்னு சிரிக்கிற பசங்ககிட்ட ஒரு கணக்கு கேளுங்க. லாரில ஒரு ஆக்சில்ல 30 சதவீதம் எடை கூட ஏத்துனா ரோட்டுக்கு எவ்வளவு சேதம் கூடும்? 30 சதவீதம்னுதான் சொல்லுவாங்க. எடையோட நாலாவது படிக்கு சேதம் ஏறும், அதனால கிட்டத்தட்ட 3 மடங்கு. ரெட்டிப்பா ஏத்துனா 16 மடங்கு. கான்ட்ராக்டர் திருடிட்டான்னு நாம பேசுற எல்லா குழியும் கான்ட்ராக்டரோடது இல்ல (கொஞ்சம் இருக்கு, மறுக்கல). அந்தத் தாரையும் சும்மா நெனைக்காதீங்க, நம்ம தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ்ல ராஜகோபாலன் வாசுதேவன், கெமிஸ்ட்ரி புரொஃபசர், சூடான ஜல்லி மேல கழிவு பிளாஸ்டிக்கை உருக வச்சுப் பூசி அப்புறம் தாரைக் கலக்குற முறையைக் கொண்டு வந்தார், 2018ல பத்மஸ்ரீ. சிவில் டிபார்ட்மெண்ட் ஆளுங்க எல்லாம் எங்க போயிருந்தோம்னு எனக்கு இன்னிக்கும் ஒரு வயித்தெரிச்சல் உண்டு.

வேலை பத்திக் கவலை வேணாம், ஹைவேஸ், கன்சல்டன்சி, மெட்ரோன்னு ஆள் தேவை இருந்துக்கிட்டே இருக்கு, கேட் (GATE) பரீட்சைலயும் இது ஒரு தனிப் பகுதி. மதிப்பு பத்தி சீனியர்ஸ் சொல்றதை சீனியர்ஸே வச்சுக்கட்டும்.

ஆரம்பிக்கிறதுக்கு புக்கு வேணாம், ஒரு அட்டையும் பேனாவும் போதும். ஒரு ஜங்சன்ல காலைல ஆபீஸ் நேரத்துக்கு ரெண்டு பேரா நில்லுங்க, ஒருத்தர் வண்டி சொல்லணும், ஒருத்தர் அதைக் குறிக்கணும், நாலு கோடு போட்டு குறுக்க ஒரு கோடுன்னா அஞ்சு வண்டி. 15 நிமிசத்துக்கு ஒரு கட்டம், வண்டி வகைக்கு ஒரு வரிசை. அப்புறம் வீட்டுக்கு வந்து பிசியுவா மாத்துங்க. காலேஜ் ஐடி கார்டைக் கழுத்துல போட்டுக்கங்க, டிராபிக் போலீஸ்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, டேப் மட்டும் கைல எடுக்காதீங்க. ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு கடைக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க.