‘கிரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்’ என்ற பழைய ஹாலிவுட் பயங்கரப் படம் பிடித்திருந்தது. அடுத்த இரண்டு பாகங்களும் குப்பை என்கிறார்களே, பார்க்கலாமா?

பாருங்கள். மூன்றாவதைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாவதில் பாதி போதும்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ராத்திரி முதல் படத்தை முடித்திருப்பீர்கள், நெஞ்சில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்ததைப் போடலாம் என்று தேடினால் நட்சத்திர மதிப்பெண் சரிந்து கிடக்கும். யாரோ ஒருவர் “பணத்துக்காக எடுத்தது” என்று எழுதியிருப்பார். பணத்துக்காகத்தான் எடுத்தார்கள். முதல் படம் மட்டும் தர்மத்துக்கா எடுத்தது?

‘தொடர்ச்சிப் படம் என்றால் 1935இல் வந்த ஃப்ராங்கன்ஸ்டைனின் மணமகள்தான், மற்றதெல்லாம் சும்மா’ என்று எழுத வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அதையும் பார்த்திருக்கிறேன். நல்ல படம். இங்கே கேள்வி அதைப் பற்றி இல்லை.

முதல் படம் 1954. யுனிவர்சல் தயாரிப்பு, ஜாக் ஆர்னால்ட் இயக்கம், கருப்பு வெள்ளையில் 3டி. அமேசான் காட்டில் விரலிடுக்கில் சவ்வு உள்ள ஒரு கை எலும்பு பாறையில் கிடைக்க, ‘ரீட்டா’ என்ற படகில் ஆராய்ச்சிக்காரர்கள் கிளம்பிப் போகிறார்கள். அங்கே எலும்பு இல்லை, ஆளே உயிரோடு இருக்கிறான். அவனைக் கில்மேன் என்பார்கள், செவுள் மனிதன். ஜூலி ஆடம்ஸ் வெள்ளை நீச்சலுடையில் மேலே நீந்த, அவளுக்குத் தெரியாமல் கீழே இவன் மல்லாந்தபடி அதே வேகத்தில் நீந்தி வருவான். அந்த ஒரு காட்சிக்காகவே படம் இன்றும் ஓடுகிறது. நீருக்கடியில் நீந்தியவர் ரிக்கோ பிரவுனிங். உடைக்குள் காற்றுக் குப்பி கிடையாது, மூச்சை அடக்கித்தான் நீந்தினார். காட்சிக்கு நடுவே கேமராவுக்கு வெளியே நீளும் குழாயில் காற்று இழுத்துக்கொள்வாராம். நீருக்கடிக் காட்சிகளைப் படமெடுத்த இடம் ஃப்ளோரிடாவின் வகுல்லா ஊற்று. தரையில் நடந்தவர் பென் சாப்மன் என்ற வேறொருவர், ஆறரை அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். அந்த ரப்பர் உடைக்குள் வெந்து போகாமல் இருக்க அவர் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்களாம்.

இதெல்லாம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். நான் எழுத வந்தது என் சித்தப்பாவோடு மூன்று படத்தையும் பார்த்த கதையை.

சித்தப்பா ஓர் அரசு மீன் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் வராது, பேய்ப்படம் பிடிக்காது. கோடை விடுமுறையில் பவானி வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம். அண்ணன் பையனும் என் மகளும் போனிலேயே கிடக்கிறார்களே என்று, என்னிடமிருந்த மூன்று பட டிவிடி பெட்டியை எடுத்து டிவியில் முதலாவதைப் போட்டேன். பிள்ளைகள் ஜிப் தெரிகிறதா என்று தேடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நாற்காலியில் தினசரி விரித்து உட்கார்ந்திருந்தார், திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

படத்தில் ஓர் இடம் வரும். செவுள் மனிதனைப் பிடிக்க வழி தெரியாமல் ரோட்டினோன் என்ற பொடியைக் குளத்தில் கரைப்பார்கள். மீனெல்லாம் செத்து மேலே மிதக்கும். சித்தப்பா பேப்பரை மடக்கிவிட்டார்.

“என்ன கண்ணு போடறானுங்க?”

சொன்னேன்.

“நாங்க இலுப்பைப் புண்ணாக்குப் போடுவோம். நாற்றங்கால் குளத்துல குஞ்சு விடறதுக்கு முன்னாடி களை மீன் எல்லாத்தையும் கொல்லணுமில்ல. போட்டதும் மீனு கிறுகிறுத்து மேல வரும் பாரு, அப்படியே இருக்குது.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா நாங்க எங்க குளத்துல போட்டோம். இவனுங்க அவன் வீட்டுல போய்ப் போடறானுங்க” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. செவுள் கழுத்தில் இருக்கிறதே, தண்ணீருக்கு வெளியே எத்தனை நேரம் தாங்கும், தண்ணீர் சூடேறினால் என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் படிக்காத பாடத்தில் வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிட்டது. கதாநாயகி சிகரெட்டைத் தண்ணீரில் எறியும்போது அடியிலிருந்து அவன் நிமிர்ந்து பார்ப்பான். அதற்கு மட்டும் “த்சு” என்று ஒரு சத்தம்.

மறுநாள் அவரே “அடுத்தது இருக்குதா?” என்று கேட்டார்.

இரண்டாவது, 1955. இதற்கும் ஆர்னால்ட்தான் இயக்குநர், இதுவும் 3டி. அவனைப் பிடித்து ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் சங்கிலி போட்டுத் தொட்டியில் விடுகிறார்கள். மரைன்லேண்ட் என்ற நிஜமான காட்சியகத்திலேயே எடுத்த காட்சிகள், சுற்றிலும் சுறாவும் ஆமையும் நீந்துகின்றன, சனம் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கிறது. மாட்டுக்குப் போடும் மின்கோலால் குத்தி அவனுக்கு ‘நில்’ என்று பாடம் நடத்துகிறார்கள். இந்தப் பாதி நன்றாகவே இருக்கும். அவன் தப்பித்த பிறகு காரைப் புரட்டுவதும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் மிச்சம், அந்த நேரத்தில் அரிசி களையலாம். ஒரு வேடிக்கை: வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆய்வக உதவியாளர் ஒருவர் காணாமல் போன எலியைத் தன் பையிலிருந்தே எடுப்பார். கிளின்ட் ஈஸ்ட்வுட்! அதுதான் அவருக்கு முதல் படம். பெயர்ப்பட்டியலில் பெயர்கூட இல்லை.

பெயர்ப்பட்டியல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

அந்த உருவத்தை வரைந்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். முன்பு டிஸ்னியில் வேலை பார்த்தவர். முதல் படத்தின் பெயர்ப்பட்டியலில் ஒப்பனைக்கு நேராக இருப்பதோ துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் பெயர் மட்டும். பட விளம்பரத்துக்கு ஸ்டூடியோ மிலிசென்ட்டை ஊர் ஊராக அனுப்பியது. ‘மிருகத்தைப் படைத்த அழகி’ என்று போட நினைத்ததை வெஸ்ட்மோர் ஆட்சேபித்ததால் ‘மிருகங்களோடு வாழும் அழகி’ என்று மாற்றினார்கள். சுற்றுப்பயணம் முடிந்து திரும்பிய பிறகு அந்தத் துறையில் அவருக்கு வேலையே தரவில்லை. 2019இல் மேலரி ஓமேரா அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிய பிறகுதான் பலருக்கும் அந்தப் பெயரே தெரிந்தது. பலர் கைபட்ட வேலை என்பதை மறுக்கவில்லை. தலையைச் செதுக்கியவர் கிறிஸ் முல்லர், உடையைச் செய்தவர் ஜாக் கெவன். அவர்கள் பெயரும்தான் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் கரூரில் ஒரு வீட்டுத்துணி ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருந்தவள். டவல், மேஜை விரிப்பு, திரைச்சீலை. ஒரு சமையலறைத் துணி வரிசை, கோடுகளுக்கு நடுவே கோழியும் குஞ்சுகளும், முழுக்க நான் வரைந்தது. நூல் நிறம்கூட நானே சாயக்காரரிடம் நின்று பொருத்தினேன். வெளிநாட்டு பையருக்குப் பிடித்து ஆர்டர் மேல் ஆர்டர் வந்தது. கண்காட்சிப் பலகையில் எங்கள் பிரிவுத் தலைவர் பெயர். நிறுவனத்தின் ஆண்டு விழாவில் கேடயமும் அவருக்கே. எனக்கு, மேடைக்குப் பக்கத்தில் சாம்பிள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. இஸ்திரி மடிப்புக் கலையக்கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

‘டீம் வொர்க்கில் இதெல்லாம் சகஜம்’ என்று எழுத விரல் துடிப்பவர்களுக்கு: டீம் என்றால் கேடயத்தில் டீம் என்று பொறித்திருக்கலாமே. சரி, விடுங்கள். வேலையை விட்டு வந்துவிட்டேன். இன்றும் அந்தக் கோழியை எங்காவது கடையில் பார்த்தால் விலையைப் பார்ப்பேன், வாங்க மாட்டேன்.

மூன்றாம் படத்துக்கு வருகிறேன். 1956, ‘த கிரீச்சர் வாக்ஸ் அமங் அஸ்’. ஆர்னால்ட் விலகிவிட்டார், யுனிவர்சலில் உதவி இயக்குநராக இருந்த ஜான் ஷெர்வுட் இயக்கினார். 3டி கிடையாது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் அவனைத் தேடிப் போகிறார்கள். செலவு செய்பவர் பார்ட்டன் என்ற பணக்கார மருத்துவர், பெண்டாட்டி மேல் ஓயாத சந்தேகம். பிடிக்கிற கைகலப்பில் செவுள் மனிதன் பெட்ரோலில் நனைந்து தீப்பற்றிவிடுகிறான். செதில் கருகி உதிர்கிறது, செவுளும் வெந்து போகிறது. உள்ளே பார்த்தால் உபயோகிக்காத நுரையீரல் இருக்கிறது. தொண்டையைத் திறந்து அதை இயங்க வைக்கிறார்கள். உயிர் பிழைக்கிறான். கட்டு அவிழ்த்ததும் உள்ளே கிட்டத்தட்ட மனுஷத் தோல். தொளதொளவென்று ஓர் உடை தைத்து மாட்டிவிடுகிறார்கள்.

நம்ம ஆள்கள் “உடுப்புப் போட்ட மான்ஸ்டர்” என்று கேலி செய்வது இந்த இடத்தைத்தான். கேலிக்குரியதுதான். அந்த உடுப்போடு அவன் நிற்பதைப் பார்த்து என் மகளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு கப்பலில் ஒரு காட்சி. அவன் பழைய ஞாபகத்தில் தண்ணீரில் குதித்துவிடுகிறான். செவுள் இல்லை. மூழ்க ஆரம்பிக்கிறான். ஒரு ஆராய்ச்சிக்காரர் குதித்துப் போய் அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. முதல் படத்தில் தண்ணீருக்குள் ராஜா மாதிரி இருந்தவனை!

“விராலு மாதிரி” என்றார் சித்தப்பா.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். விராலுக்குச் செவுள் மட்டும் பற்றாது, அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடித்தாக வேண்டும். “வலையில சிக்கி மேல வர முடியாமப் போச்சுன்னா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் கண்ணு. மீனு தண்ணியில மூழ்கிச் சாகுமான்னு புதுசா வேலைக்கு வர்ற பசங்க சிரிப்பானுங்க. நான் அள்ளிப் போட்டிருக்கேன்.”

முதல் படத்தின் தொடக்கத்திலேயே நுரையீரல் மீனைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எத்தனையோ தடவை அதைக் கேட்டும் வசனம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். மூன்றாம் படத்தை எழுதியவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்து, இவன் உடம்பை வைத்தே கதை முடித்திருக்கிறார் என்பது சித்தப்பா பேசியபோதுதான் உறைத்தது. அதனால்தான் குப்பை என்ற சொல் எனக்குக் கோபம் வரவைக்கிறது. பணத்துக்கு எடுத்த மலிவான படத்தில், முதல் படம் தொடாத ஒரு கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். சாகிறவனைப் பிழைக்க வைத்தார்கள் சரி, அதன் பிறகு அவன் எங்கே போய் இருப்பான்?

கதையின் மிச்சம்: அவனைக் கலிஃபோர்னியாவில் பார்ட்டனின் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்வேலிக்குள், ஆடுகளோடு அடைக்கிறார்கள். ஆட்டைப் பிடிக்க வந்த மலைச்சிங்கத்தைக் கொல்கிறான், ஆட்டைத் தொடவில்லை. பார்ட்டனோ மனைவி மேல் கண்வைத்த வழிகாட்டியை அடித்துக் கொன்று, பழியை இவன் மேல் போடப் பிணத்தைக் கொட்டடிக்குள் தள்ளுகிறார். இவன் பார்த்துவிடுகிறான், வேலியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து ஆளை முடிக்கிறான். கடைசியில் கடற்கரை மணலில் நின்று கடலைப் பார்க்கிறான், அதை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறான். அவனுக்குச் செவுள் இல்லை என்பது நமக்குத் தெரியும். அங்கேயே படத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

அண்ணன் பையன் “அவ்வளவுதானா?” என்றான். சித்தப்பா, “உனக்கு இன்னும் என்னடா வேணும், போஸ்ட்மார்ட்டமா?” என்று எரிந்து விழுந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பண்ணை வேலையில் பார்த்ததையெல்லாம் அவர் சொல்ல ஆரம்பித்து, சித்தி இலையை எடுத்த பிறகும் முடியவில்லை.

நடிப்பு மட்டம், பார்ட்டன் வீட்டுச் சண்டை நாடகத்தனம், நடுவில் தொய்வு. எல்லாம் உண்மை. முதல் படத்தைவிட இது சிறந்தது என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொன்னதாக மேற்கோள் காட்டாதீர்கள். 2017இல் கில்லர்மோ டெல் டோரோ எடுத்து ஆஸ்கார் வாங்கிய ‘த ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தை உச்சி முகர்கிறவர்கள், இந்த உருவத்தின் மேல் அவருக்குச் சிறுவயதிலிருந்தே இருந்த பிரியத்தில் பிறந்தது அது என்பதையும் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. செவுள் மனிதன் மேல் இரக்கப்படுவதும் புதிதில்லை. 1955லேயே ‘செவன் இயர் இட்ச்’ படத்தில் மர்லின் மன்றோ முதல் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்பார். பாவாடை பறக்கும் அந்தப் பிரசித்தி பெற்ற காட்சிக்குச் சற்று முன்னால்தான். சுவரொட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், வசனத்தை யாரும் கேட்கவில்லை.

எப்படிப் பார்ப்பது என்றால்: முதலாவது 79 நிமிடம், இரண்டாவது 82, மூன்றாவது 78. இரண்டாவதில் அவன் தொட்டியை விட்டுத் தப்பிக்கும்வரை பார்த்துவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள். வீட்டில் மீன் பற்றித் தெரிந்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். டவுன்லோடு லிங்க் கேட்டு தயவுசெய்து எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம், என்னிடம் இருப்பது டிவிடி, அதுவும் இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறது.