வடசென்னை ஸ்டேஷன்களில் பணியிடம் நிரம்பியிருந்தும் ராத்திரி ரோந்துக்கு ஏன் ஆள் இல்லை?

கணக்கில் இருக்கும் ஆள் வேறு, கையில் இருக்கும் ஆள் வேறு. காசிமேடு பக்கம் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், காலை ரோல் காலிலேயே ஒருவர் கோர்ட் டியூட்டி, இருவர் கைதியோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு, நாலு பேர் பந்தோபஸ்து, இன்னொருவர் அயல்பணியில் (சம்பளக் கணக்கு இங்கே, வேலை வேறு இடத்தில்) எங்கோ, அப்புறம் 2021இல் அரசு உத்தரவிட்ட வார ஓய்வு (அதில் மட்டும் கை வைக்கக் கூடாது).

24 மணி நேரமும் ஒரே ஒருவர் நிற்க, எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு மூன்று பேர் என்று கணக்குப் போடுவார்கள். தப்பு. வார ஓய்வு சேர்த்தாலே மூன்றரை, லீவும் பயிற்சியும் சேர்ந்தால் நாலைத் தாண்டும்.

தீயணைப்பில் இன்னும் சிக்கல், டிரைவர் இல்லாவிட்டால் வண்டியே கிளம்பாது. இரண்டு துறைக்கும் காவலர், தீயணைப்பாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் எடுக்கிறது; தேர்வு, பயிற்சி முடிந்து ஆள் வருவதற்குள் இங்கே பலர் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.