மூளைக்கும் ஓர் ஆற்றுவாய்

மூளை, குருதியோட்டம், நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி) பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப்பேர் பிரஷர் குளிசை பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, சுற்றி வந்தால் எல்லாம் ஒரே கதைதான். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன், வைத்தியர் இல்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக்கில்.

கல்லடி, ஏ/எல் மாணவி: மூளைக்கு நிணநீர்க் கலன் இல்லை என்று கொப்பியில் எழுதினோம். இப்ப இருக்கு என்கிறார்களே, எது சரி சேர்?

இரண்டும் சரி, மகள். மூளைத் திசுவுக்குள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் உறையில் இருக்கிறது. 2015இல் வர்ஜீனியாவில் ஜொனதன் கிப்னிஸ் குழுவும் ஹெல்சிங்கியில் காரி அலிதாலோ குழுவும் தனித்தனியாக எலிகளில் இதைக் காட்டினார்கள். 2017இல் எம்.ஆர்.ஐ. மூலம் மனிதரிலும் தெரிந்தது. இதில் வேடிக்கை, இத்தாலியில் மஸ்காஞ்ஞி என்பவர் 1787இலேயே இதை எழுதிவிட்டார். யாரும் நம்பவில்லை.

நம்மூர் ஆளுக்கு இது எளிதில் விளங்கும். மாரி மழையில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டுவோம்தானே? மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் திரவமான மூளைய முண்ணாண் பாய்பொருளுக்கும் அப்படி வெளியேறும் வழிகள் உண்டு. அதில் ஒன்று இந்தக் கலன்கள். கழிவோடு சேர்ந்து, மூளைக்குள் என்ன நடக்கிறது என்ற தகவலும் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. மூளை நிர்ப்பீடனத்தோடு தொடர்பே இல்லாத தனித்தீவு என்ற பழைய எண்ணம் அங்கேதான் உடைந்தது.

அக்கரைப்பற்று: நித்திரையில் மூளை கழுவுப்படுகிறது என்று வீடியோவில் சொல்றாங்க. உண்மையா?

அந்தக் கதை 2013இல் மைக்கன் நெடர்கார்ட் குழு எலிகளில் செய்த வேலையிலிருந்து வந்தது. தூங்கும்போது கழிவு வேகமாக அகல்கிறது என்றார்கள். ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, அதுவும் எலிகளில்தான், தூக்கத்தில் அது குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. சண்டை இன்னும் ஓயவில்லை. வீடியோக்காரர் இரண்டாவதைச் சொல்லமாட்டார். அதற்காக நித்திரையை விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெட்டால் பிரஷர் ஏறும், ஞாபகம் மங்கும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காத்தான்குடி: வாப்பாவுக்கு 68 வயது, பிரஷர் 150க்கு மேலேயே நிற்கிறது. தலையிடி இல்லை, எனக்கு எதற்குக் குளிசை என்கிறார்.

தலையிடி வரும்வரை காத்திருப்பதுதான் பிழை. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம், ஆனால் ஒக்சிசனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவையும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை மயிரிழை போன்ற நுண்கலன்கள். வருடக்கணக்காக அழுத்தம் அடித்தால் சுவர் தடித்து, விறைத்து, சத்தமில்லாமல் அடைபடும். அந்த இடத்து மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வீட்டில் “வயசு போய்ட்டு, மறக்கிறார்” என்போம்.

2019இல் வந்த ஸ்பிரின்ட் மைன்ட் என்ற பிரஷர் ஆய்வின் முடிவை அவரிடம் சொல்லுங்கள். மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களில், 140க்குக் கீழே என்று இலக்கு வைத்தவர்களைவிட ஆரம்பநிலை மறதி 19 சதவீதம் குறைவு. முற்றிய மறதிநோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீனி வருத்தக்காரரை அந்த ஆய்வில் சேர்க்கவுமில்லை. அதனால் 120 எல்லாருக்கும் என்று நினைக்கவேண்டாம், வாப்பாவின் இலக்கை வைத்தியர் சொல்லட்டும்.

அப்புறம் உப்பு நிறைந்த கருவாடு. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிதான். கருவாட்டை விடச் சொல்ல எனக்கே மனம் வராது, கிழமைக்கு ஒருநாள் ஆக்குங்கள்.

திருக்கோவில்: நிர்ப்பீடனத்தைக் கூட்ட மஞ்சளா, கொத்தமல்லியா நல்லம்?

தடுமலுக்குக் கொத்தமல்லி நானும் குடிப்பேன், தொண்டைக்கு இதம். ஆனால் கூட்டிக்கொண்டே போவதற்கு நிர்ப்பீடனம் வங்கிக் கணக்கு இல்லை. அளவு மீறினால் சொந்த உடலையே தாக்கும். 2025 மருத்துவ நோபல் பரிசு, அதற்குப் பிரேக் போடும் டி-கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களைக் கண்டறிந்த மூவருக்குத்தான்.

களுவாஞ்சிக்குடி: அம்மம்மாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது. அக்கி ஊசி போட்டால் நிற்குமா?

வேல்ஸ் நாட்டில், ஆட்களின் பிறந்த தேதியை வைத்து இந்த ஊசியைக் கொடுத்தார்கள். 1933 செப்டெம்பர் 2க்கு முன் பிறந்தவருக்கு இல்லை, அன்றோ அதன் பின்னோ பிறந்தவருக்கு உண்டு. சில கிழமை வித்தியாசத்தில் பிறந்த இரு கூட்டத்தை ஒப்பிட்டபோது, ஊசி போட்டவரிடம் ஏழு வருடத்தில் மறதிநோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025இல் வெளியானது. எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு. ஆனால் தொடங்கிய மறதியை நிறுத்தும் மருந்தாக அந்த ஊசியை நம்பவேண்டாம். முதலில் காது கேட்கிறதா, தைரொயிட் சரியா, பி12 போதுமா என்று பார்ப்பியுங்கள்.

வாழைச்சேனை: இரவு மாமாவுக்கு வாய் கோணிப்போச்சு. எண்ணெய் பூசி விடியும்வரை பார்த்தோம். பிழையா?

பிழைதான், கோபிக்கவேண்டாம். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், ஸ்கேன் எடுத்து இரத்தப்போக்கு இல்லை என்று பார்த்த பிறகே போடுவார்கள். வாய் கோணல், ஒருபக்கக் கை விழுதல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று கண்டாலும் உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நன்றாக இருந்தார் என்பதை ஒருவர் எழுதிக்கொண்டு போகவேண்டும். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.