கரஸில் படிக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

தொலைநிலைக் கல்வி மையம் ஒன்றில் சனி, ஞாயிறுகளில் பதினான்கு ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். என் எம்.ஏ.வும் கரஸில், அதாவது தபால்வழியில் வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலைக் கல்வியில் முடித்ததுதான். சேர்க்கை, அசைன்மென்ட், தேர்வு பற்றி எதுவும் கேளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவான டிஇபியின் இணையதளத்துக்குப் போய், பல்கலைக்கழகம், படிப்பு, நீங்கள் சேரும் பருவம் (ஜனவரியா ஜூலையா, எந்த ஆண்டு) ஆகிய மூன்றும் சேர்ந்து அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மேடம், கரஸ் டிகிரி அரசு வேலைக்குச் செல்லுமா? எங்கள் வீட்டில் எல்லோரும் செல்லாது என்கிறார்கள்.

செல்லும். யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படித்து வாங்கிய பட்டம், நேரடிக் கல்லூரியில் வாங்கிய பட்டத்துக்குச் சமம். செல்லாமல் போன கதைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். அவர்கள் சேர்ந்த பருவத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்திருக்காது. இல்லையென்றால் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு அந்த வரிசை கட்டாயம்.

போன ஆண்டு அனுமதி இருந்தது, பக்கத்து வீட்டு அண்ணன் அங்கேதான் படித்தார் என்பதெல்லாம் உங்களுக்கு உதவாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: அக்கா, டிஇபி ஐடி எடுக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. என்ன செய்வது?

நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு இது. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர டிஇபி ஐடி கட்டாயம். அதை எடுக்க ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண்) வேண்டும், அதை டிஜிலாக்கர் வழியாக எடுக்கிறோம், டிஜிலாக்கர் ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். போன மாதம் வந்த ஒரு பெண்ணுக்கு ஆதாரில் கணவர் பெயர், மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். சேர்க்கை கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இப்போது விட்டால் பட்டச் சான்றிதழிலும் பெயர் மாறி வரும். அதைத் திருத்த அலைவதற்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: பி.இ. கரஸில் உண்டா?

இல்லை. பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் எதற்கும் தொலைநிலையில் அனுமதி கிடையாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, தனித் தேர்வில் வென்றால்தான் செல்லும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆனவர்கள். அதனால்தான் டிஇபி பட்டியலைப் பாருங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன்.

கேள்வி: நூற்பாலையில் ஷிப்டு வேலை. பி.ஏ. முடித்து எட்டு வருடம் ஆகிறது. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. வரலாறு சேர ஆசை. என்னால் முடிக்க முடியுமா மேடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சேர்வது பற்றி நூறு பேர் கேட்பார்கள். முடிப்பது பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. வாசிப்பது, குறிப்பெடுப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். எம்.ஏ. மொத்தம் 64 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் படிப்பின் கையேட்டில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 64ஐ 30ஆல் பெருக்கினால் 1,920 மணி நேரம். இரண்டே வருடத்தில் முடிக்க வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் வேண்டும். ஷிப்டு வேலையில் அது நடக்காது. வாரம் 12 மணி நேரம் என்றால் 160 வாரம், மூன்று வருடத்துக்குச் சற்று மேல். இக்னோவில் இரண்டு வருட எம்.ஏ.வை முடிக்க நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆகவே மூன்று வருடத் திட்டம் போட்டுச் சேருங்கள். பாதியில் விட்டுப்போகிறவர்களை நான் பார்த்தவரை, பலரும் இரண்டு வருடத் திட்டம் போட்டு முதல் தேர்விலேயே மனம் உடைந்தவர்கள்தான்.

12 மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலை நாள் ஆறிலும் ஒன்றரை மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று. இரவு ஷிப்டு வாரத்தில் புதுப் பாடம் படிக்க முயலாதீர்கள், மண்டையில் ஏறாது. அந்த வாரத்தை, நீங்களே எழுதிவைத்த அசைன்மென்ட் வரைவைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இக்னோ பாடப் புத்தகங்கள் ஈஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் படிப்பில் ஒரு யூனிட்டை இறக்கி, கடிகாரம் வைத்துக் குறிப்பெடுத்துப் படியுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. இக்னோவில் சேர்க்கைக் கட்டணம் கட்டிவிட்டால் தேர்வு எழுதிவிடலாம் என்பதில்லை. தேர்வு விண்ணப்பம் தனி, அதற்குக் கட்டணம் தனி, அடுத்த ஆண்டுக்கான மறுபதிவு தனி. இந்த மூன்றில் ஒன்றை மறந்து ஆறு மாதத்தை இழந்தவர்கள் எங்கள் மையத்துக்கு ஒவ்வொரு பருவத்திலும் வருகிறார்கள்.

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் தொலைநிலையில் சேரலாமா?

இப்போது முடியாது. உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும், உயிரித்தொழில்நுட்பம் போன்றவற்றில் 2025 ஜூலை பருவம் முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிய சேர்க்கை கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. பழைய விளம்பரப் பலகையை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: கரஸ் டிகிரி செல்லுமா சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் பத்தாவதுதான். 41 வயது. பிளஸ் டூ இல்லாமல் நேரடியாக டிகிரி சேரலாம் என்கிறார்கள். மகளுக்கு முன்னால் நானும் ஒரு பட்டம் வாங்க வேண்டும்.

அவசியம் வாங்குங்கள் அம்மா. ஆனால் சுற்றுவழியில் போங்கள், அதுதான் நல்ல வழி. பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம், அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் எழுதலாம். இரண்டு வருடம் வரை கூடுதலாகலாம். பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு இக்னோ நடத்திய ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்குச் சமம் அல்ல. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வேலைக்காக இல்லை, மனநிறைவுக்காகத்தான் என்று இன்று நீங்கள் நினைக்கலாம். நாளைக்கு ஓர் அங்கன்வாடி அறிவிப்பு வரும், விண்ணப்பிக்கத் தோன்றும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: பி.எட். கரஸில் எல்லோரும் சேரலாமா?

இல்லை. பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் ஆகியோருக்குத்தான்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாமா?

2022 முதல் யுஜிசி அனுமதிக்கிறது. நேரடியாக ஒன்று தொலைநிலையில் ஒன்று, அல்லது இரண்டுமே தொலைநிலை. பி.எச்டி.க்குப் பொருந்தாது. ஆனால் மேலே போட்ட மணி நேரக் கணக்கை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் அசைன்மென்ட்டை ஒரு ஜெராக்ஸ் கடையில் காசுக்கு எழுதித் தருகிறார்கள். எல்லோரும் வாங்குகிறார்கள். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

வாங்காதீர்கள். இக்னோவில் பெரும்பாலான படிப்புகளில் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட்டுக்கு. அதைவிட முக்கியம், கரஸில் படிக்கும் உங்களுக்கு வகுப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அசைன்மென்ட்தான். கேள்வியை வாசித்து, புத்தகத்தில் தேடி, சொந்த வாக்கியத்தில் எழுதும் அந்த நான்கைந்து மணி நேரத்தில்தான் பாடம் உங்களுடையதாகிறது.

*(ஒருவர் குறுக்கிட்டார்: மேடம், இரண்டு குழந்தை, மாமியார், தையல் வேலை. இரவு பதினோரு மணிக்குத்தான் கை ஓய்கிறது. நான் கடையில் வாங்கித்தான் பி.காம். முடித்தேன். தேர்வை நானேதான் எழுதினேன். என்ன தப்பு?)*

உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு அம்மா. தேர்வை நீங்களே எழுதி ஜெயித்ததும் உண்மை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஒரே விடையை நாற்பது பேருக்கு எழுதித் தருவார். திருத்துகிறவர் மேசையில் நாற்பதும் ஒரே வாரத்தில் வரும். நான் திருத்தியிருக்கிறேன். மூன்றாவது தாளிலேயே தெரிந்துவிடும், வாக்கியப் பிழை கூட ஒரே இடத்தில் இருக்கும்.

*(இன்னொருவர்: அப்படியானால் ஏன் எல்லோருக்கும் மதிப்பெண் போடுகிறீர்கள்?)*

நியாயமான கேள்வி. நான் போடுவதில்லை, திருப்பி அனுப்பியிருக்கிறேன். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எங்கள் தரப்பின் தவறு. அந்தத் தவறின் விலையைக் கொடுப்பது மாணவர்தான். அதே கேள்வி தேர்வில் வேறு உருவத்தில் வரும்போது கை ஓடாது.

*(தையல் வேலை செய்பவர்: உண்மைதான். எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் மூன்று தடவை அரியர் விழுந்தது.)*

பார்த்தீர்களா? நேரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். விடையைத் தையல் மெஷினில் இருக்கும்போதே போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். இரவில் அதைக் கேட்டு எழுதுங்கள். சரளமாக வரும், உங்கள் விடையாகவும் இருக்கும். எங்கள் மையத்தில் ஒரு பேருந்து நடத்துநர் இப்படித்தான் எழுதி முடித்தார்.

எழுதியதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். என் எம்.ஏ.வில் ஒரு தாளின் அசைன்மென்ட் மதிப்பெண் ஏறவே இல்லை. மையத்தில் கேட்டால் நீங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். சீட்டு என் பையில், கசங்கிப்போய், ஊதா முத்திரையோடு இருந்தது. அதைக் காட்டிய பிறகும் நான்கு மாதம் ஆனது. சீட்டு இல்லையென்றால் மறுபடி எழுதியிருப்பேன்.

கேள்வி: வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் மையம் எங்கள் ஊரில் இருக்கிறது. ஒரே வருடத்தில் டிகிரி, பழைய தேதியில் சேர்த்துவிடுவோம் என்கிறார்கள்.

எழுந்து வந்துவிடுங்கள். மூன்று வருடப் பட்டத்தை ஒரே வருடத்தில் யாராலும் சட்டப்படி தர முடியாது. பழைய தேதியில் சேர்ப்பது மோசடி. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது, தனியாரிடம் குத்தகைக்கு விடவும் கூடாது. ஆன்லைன் படிப்புக்கு மட்டும் எல்லை இல்லை. கட்டணத்தை எப்போதும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே கட்டுங்கள், மையத்து ஆளின் ஜிபே எண்ணுக்கு அல்ல.

கேள்வி: கனடா போக கரஸ் டிகிரி ஏற்பார்களா?

என் துறை இல்லை. சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகத்தில் ஈஸியாகப் பாஸ் போடுவார்கள்?

இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேடம், என் டிகிரி செல்லுமா?

பல்கலைக்கழகம், படிப்பு, சேர்ந்த பருவம். மூன்றையும் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. டிஇபி தளத்தில் நீங்களே பார்க்க ஐந்து நிமிடம் போதும். தயவுசெய்து பாருங்கள்.

கேள்வி: நூற்பாலை ஆள் மறுபடி வந்திருக்கிறேன் மேடம். ஒரு யூனிட்டை இறக்கிப் படித்தேன். குறிப்போடு சேர்த்து நாலரை மணி நேரம் ஆனது. ஆங்கிலம் தடுமாறுகிறது. விட்டுவிடலாமா?

விடவே விடாதீர்கள், நல்ல கணக்கோடு வந்திருக்கிறீர்கள். நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். அதில் 16 யூனிட் இருந்தால் உங்கள் வேகத்தில் 72 மணி நேரத்தில் வாசித்து முடிப்பீர்கள். அசைன்மென்ட்டுக்கும் திருப்புதலுக்கும் 48 மணி நேரம் மிச்சம். எட்டு வருடம் கழித்துப் புத்தகம் தொட்டவருக்கு இது நல்ல வேகம். ஐந்தாவது யூனிட்டில் அதே ஆங்கிலச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும், நேரம் தானாகக் குறையும். புதுச் சொற்களுக்குத் தனியாக ஒரு நோட்டு போடுங்கள்.

ஜனவரி பருவத்தில் சேருங்கள். முதல் ஆண்டுத் தாள்களில் பாதியை டிசம்பரில் எழுதுங்கள், மீதியை அடுத்த ஜூனில். சேரும் முன் டிஇபி பட்டியலைப் பார்த்துவிடுங்கள். முதல் அசைன்மென்ட் எழுதி முடித்ததும் போட்டோ எடுக்க மறக்காதீர்கள்.