தூர தேசம் சொந்த ஊர் ஆகுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஒரு முறைகூடப் போகாத நாடு அது. ஆனால் அடிக்கடி கனவில் அங்கே வாழ்கிறேன். தெருவெல்லாம் பழகிய தெரு மாதிரி இருக்கிறது. விழித்ததும் சொந்த ஊரைப் பிரிந்தது போல ஏக்கம். முற்பிறவித் தொடர்பு என்கிறார்கள் வீட்டில். அப்படியும் இருக்குமா?

முற்பிறவியைத் துணைக்கு அழைக்காமலேயே இது விளங்கும். போகாத இடம் பழகியதாகத் தோன்றுவதைப் பற்றி ஆன் கிளியரி என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கணினியில் உருவாக்கிய காட்சிகளுக்குள் ஆட்களை உலவவிட்டார்கள். முன்பு பார்த்த ஓர் இடத்தின் அமைப்பு, அதாவது எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது, புதிய இடத்திலும் அப்படியே இருந்தால், பழைய இடம் நினைவுக்கு வராதபோதும் “இங்கே வந்திருக்கிறேனே” என்ற உணர்வு கூடுதலாக எழுந்தது. எந்த நினைவிலிருந்து வருகிறது என்ற அடையாளம் மட்டும் அழிந்துபோய், பழக்க உணர்வு தனியே தங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்க்கும் எதன் மீதும் நமக்குப் பிடிப்பு வளரும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-லேயே காட்டிவிட்டார். அந்த நாட்டைப் பற்றி எத்தனை வருடமாகப் படமும் காணொளியும் பார்த்துவருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் உங்கள் ஏக்கம் பொய்யாகிவிடாது. கனவு எதைக் கேட்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் புரண்டு படுக்காமல், கைப்பேசியைத் தொடாமல், நான்கே விஷயம் எழுதுங்கள்: வெளிச்சம் எப்படி இருந்தது, கூட யார் இருந்தார்கள், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அன்றாட வாழ்வில் இருக்கும் எது அங்கே இல்லை. நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூன்று, நான்கு வாரம் எழுதினால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சத்தம் இல்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஏதாவது ஒன்று. தேட வேண்டியது அதைத்தான். அது கிடைக்கும் நாடு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: இரண்டு முறை சுற்றுலா போய் வந்தேன். விமானத்தை விட்டு இறங்கியதுமே வீட்டுக்கு வந்துவிட்டது போல நிம்மதி. வேலையை விட்டுவிட்டுக் குடிபோய்விடலாமா?

வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். சுற்றுலாவில் நீங்கள் பார்த்தது அந்த நாட்டையும் உங்கள் விடுமுறையையும் சேர்த்து. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு முறை “வாழ்ந்து பார்க்க”ப் போக வேண்டும்.

அந்த நாட்டின் மிக மோசமான பருவத்தில் போங்கள். வடக்கு ஐரோப்பா என்றால் டிசம்பர், ஜனவரி. நார்வேயின் ஆஸ்லோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. இன்னும் வடக்கே ட்ரோம்ஸோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழவே எழாது. குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. 1984-இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அதை மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். அதற்கு வழக்கமான ஒளி சிகிச்சை, 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், எதிரே உட்கார்ந்து படித்தால் போதும். கண் நோயோ இருமுனை மனநோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நான்கிலிருந்து ஆறு வாரம் தங்குங்கள். பார்க்கத்தக்க இடங்களின் பக்கம் போகாமல், வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் பகுதியில் சமையலறையோடு ஒரு வீடு எடுங்கள். சேமிப்பை எடுத்துச் செலவழிக்காமல், உங்கள் தொழிலுக்கு அங்கே கிடைக்கக்கூடிய சம்பளத்தில் வரியும் வாடகையும் போக எவ்வளவு மிஞ்சுமோ அதற்குள் மட்டும் வாழுங்கள். காலை ஏழு மணிப் பேருந்தில் போய் வாருங்கள். குப்பையை அவர்கள் பிரிக்கும் விதத்தில் பிரித்து, அவர்கள் சொல்லும் கிழமையில் வெளியே வையுங்கள். வீட்டில் எது பழுதானாலும் வீட்டுக்காரருக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசாமல் கழியட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் மனம் “இதுதான் என் இடம்” என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பலாம்.

இந்தச் சோதனைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். சுற்றுலா விசாவில் அங்கே ஊதிய வேலை செய்யக் கூடாது. மடிக்கணினியில் உங்கள் பழைய அலுவலக வேலையைத் தொடர்வதையும் பல நாடுகள் அந்த விசாவில் அனுமதிப்பதில்லை. அதற்கென்றே தனி விசா தரும் நாடுகள் உண்டு. எஸ்டோனியா 2020-இல் தொடங்கியது.

ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட 29 ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்கள் நாள் கணக்கில்தான் சிக்குகிறார்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் இருக்கலாம். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். லீப் வருடம் அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தால் 90 நாளும் தீர்ந்தது. “ஒரு வாரம் வெளியே போய் வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளை எண்ணுவார்கள். ஜனவரி 1 அந்தக் கணக்கிலிருந்து விலகுவது ஜூன் 30 அன்றுதான். அதற்கு முன் மறுபடி நுழைய முடியாது. ஒரு ஷெங்கன் நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் கணக்கு தொடர்ந்து ஓடும்.

கேள்வி: விசாவே இல்லாமல் போய்க் குடியேறக்கூடிய இடம் உலகில் உண்டா?

உண்டு. நார்வேயின் ஆட்சியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். 1920-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியில், எந்த நாட்டவரும் அங்கே வாழ விசாவோ வசிப்பிட அனுமதியோ தேவையில்லை. ஆனால் உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாதவரை ஆளுநர் வெளியேற்றலாம். நார்வே பெருநிலத்தில் கிடைக்கும் சமூக நல உதவிகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. அங்குள்ள முக்கிய ஊரான லாங்யர்பியனில் வீடு கிடைப்பது பெரும்பாடு. பெரும்பாலும் வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால்தான் உண்டு. விமானம் நார்வே வழியாகத்தான் போகிறது என்பதால் ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவருக்கு அதை எடுக்காமல் வழியில்லை. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் இரண்டு முறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு முறை நுழையும் விசாவோடு போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: மொழியை எவ்வளவு கற்றுக்கொண்டு போக வேண்டும்? ஆறு மாதம் போதுமா?

எந்த மொழி என்பதைப் பொறுத்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் ஆங்கிலம் பேசும் அதிகாரிகளுக்கு ஒதுக்கும் வகுப்பு நேரம் ஓர் அளவுகோல்: ஸ்பானிஷ் போன்ற மொழிக்கு ஏறக்குறைய 600 முதல் 750 மணி, ஜப்பானியம், கொரியம், அரபு, சீனத்துக்கு சுமார் 2,200 மணி. அது தொழில்முறைத் தேர்ச்சிக்கான கணக்கு, வீட்டுப் பாடம் தனி. தினம் ஒரு மணி நேரம் என்றால் 600 மணிக்கே இருபது மாதம் ஆகும். தமிழ் அறிந்தவர்களுக்கு ஜப்பானியத்திலும் கொரியத்திலும் ஒரு சலுகை உண்டு. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருவதும் நமக்குப் புதிதல்ல. ஜப்பானிய எழுத்தின் சுமை மட்டும் யாருக்கும் குறையாது.

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு ஜெர்மனி பொதுவாகக் கேட்பது பி1. நீங்கள் ஏ2-வை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கீழே இருந்தால் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அப்புறம் ஆண்டுக்கணக்கில் நீங்கள் விருந்தாளியாகவே நின்றுவிடுவீர்கள்.

தொலைபேசிப் பேச்சை முதலில் பழகுங்கள். முகமும் கையும் உதவாத இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். எண், தேதி, முகவரி, உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது. சாப்பாடு வாங்கும் வசனங்கள் தானே வரும்.

கேள்வி: ஆவணங்களில் பொதுவாக எங்கே தவறு நடக்கிறது?

வரிசையில். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டம் இவற்றுக்கு அப்போஸ்டில் என்ற சான்றுறுதி கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் இது செல்லும். சேராத நாடு என்றால் தூதரகம் வழியாக நீண்ட நடை. பலர் முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அப்போஸ்டிலுக்குப் போகிறார்கள். அப்போஸ்டில் தாளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லி அங்கே திருப்பிவிடுவார்கள், இரண்டு முறை செலவு. முதலில் மூலச் சான்றுக்கு அப்போஸ்டில், அப்புறம் முழுவதற்கும் மொழிபெயர்ப்பு. அதுவும் அந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். சில மாதங்களில் பழசாகிவிட்டது என்பார்கள்.

பெயர் எல்லா ஆவணத்திலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பதைப் போவதற்கு முன்பே கவனியுங்கள். அங்கே போனதும் ஒரு விண்ணப்பத்தில் ஒரே பெயர் இரண்டு முறை அச்சாகும், இன்னொன்றில் கோடு போடுவார்கள், வங்கிக் கணக்கும் வசிப்பிட அட்டையும் பொருந்தாமல் போகும்.

மருந்தையும் ஆவணம் போலவே நினையுங்கள். ஆம்ஃபெட்டமின் உள்ள கவனக்குறைவு மருந்தை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்கும் அதே தடைதான். வரிக்கு, பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் என்பது ஒரு கோடு. ஆனால் அதுமட்டுமே கோடு அல்ல. வீடு, குடும்பம் எங்கே என்பதையும் பார்ப்பார்கள்.

கேள்வி: என் நாயை விட்டுப் போக மாட்டேன். கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் நாயின் கணக்கை உங்கள் கணக்குக்கு முன்னால் தொடங்க வேண்டும். ரேபிஸ் உள்ள நாட்டிலிருந்து ஜப்பான் போவதாக இருந்தால், முதலில் மைக்ரோசிப், பிறகு குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு ரேபிஸ் தடுப்பூசி, அதன்பின் ரத்தப் பரிசோதனை. எதிர்ப்புத்திறன் மில்லி லிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். போய்ச் சேருவதற்கு 40 நாள் முன்பாவது அறிவிப்பும் தர வேண்டும். அவசரப்பட்டுப் போனால் அந்த 180-இல் மிச்சமிருக்கும் நாள்களை உங்கள் நாய் அங்கே தனிமைக் கூண்டில் கழிக்கும். மைக்ரோசிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது, இங்கேதான் பலர் முதலிலிருந்து தொடங்க வேண்டி வருகிறது.

கேள்வி: வந்து எட்டு மாதம் ஆகிறது. கனவு கண்ட நாடுதான். இப்போது எதுவும் பிடிக்கவில்லை. இவர்கள் சிரிப்பதுகூட எரிச்சலாக இருக்கிறது. தப்பான முடிவு எடுத்துவிட்டேனோ?

எட்டாவது மாதத்தில் இதைத் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டுக் கல்வியாளர்களை ஆராய்ந்து ஸ்வேரே லிஸ்கார் 1955-இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்தைத் தாண்டியவர்களும் நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் மிகவும் திணறியிருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லாருக்கும் இந்த வளைவு பொருந்தாது என்று காட்டியிருக்கின்றன. சிலருக்கு முதல் வாரமே கடினம். ஆனாலும் நீங்கள் நிற்கும் இடம் பலர் நின்ற இடம்.

எரிச்சலை இரண்டாகப் பிரியுங்கள். விண்ணப்பம், மொழி, வேலை, தெரியாத விதிகள் இவையெல்லாம் களைப்பு, காலத்தோடு குறையும். “இங்கே என்னைப் போன்றவர்களை மதிப்பதில்லை”, “இந்த வேலையில் நான் மேலே போக வழியில்லை” என்பவை பொருத்தக் குறைவு, காத்திருந்து குறையாது. எந்தப் பட்டியல் நீளம் என்று பாருங்கள்.

நட்புக்கு நேரம் வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி, நல்ல நெருக்கத்துக்கு 200 மணிக்கும் மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டியிருந்தது. மாதம் ஒரு விருந்துக்குப் போனால் 50 மணி சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதே முகங்கள் வாரம் இரண்டு முறை கூடும் பாட்டுக் குழு, விளையாட்டு, தன்னார்வ வேலை ஏதாவதில் சேருங்கள். பேச்சு வராவிட்டாலும் கை வேலை செய்துகொண்டிருக்கும் இடம் நல்லது.

தூக்கம், பசி, எதிலும் பற்று இவை இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் போய்விட்டால் அது ஊர் மாறிய களைப்பு மட்டும் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். தாய்மொழியில் பேசும் ஆலோசகரை இணையவழி அணுகலாம், அந்த நிலையில் அன்னிய மொழியில் மனதைச் சொல்லிப் போராட வேண்டியதில்லை.

கேள்வி: பெற்றோருக்கு வயதாகிவிட்டது. என்னால் நிரந்தரமாகப் போக முடியாது. இந்த ஆசையை விட்டுவிடுவதுதான் வழியா?

விட வேண்டாம். பாதிப் பாதியாக வாழ இடம் தரும் விதிகள் உண்டு. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த ஐந்து ஆண்டிலும் 730 நாள் அங்கே இருந்தால் போதும்; மூன்று ஆண்டு வெளியே இருக்க முடியும். வசிப்புரிமை எட்டாத நாடு என்றால், ஆண்டுதோறும் ஒரே ஊரில், ஒரே தெருப் பக்கம், ஒரே மாதத்தில் நான்கு வாரம் தங்குங்கள். ஐந்து ஊர் பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்தினால், இரண்டாவது வருடமே நூலகத்தில் இருப்பவர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார். இடைப்பட்ட பதினொரு மாதமும் மொழிக்கு. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்கு வரச்சொல்லி, நீங்கள் இருக்கும்போதே மருந்து வேளைகளைக் கையில் ஒப்படையுங்கள். விமானச் சீட்டு தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.